நடுமுள்

மீன்கள் செத்து வந்ததை முதலில் பார்த்தவள் ஜெஸ்லின்.

வெயில் ஏறியிருந்தது. நகரத்தில் கிழக்கேகோட்டை நடைபாதையில் உட்கார்ந்து விற்க மீன் வேண்டும். கரையில் மீன் இருக்காது என்று தெரிந்தேதான் அலுமினியச் சருவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஓணத்துக்கு முன்பிருந்தே கடல் சூடு. மத்தி இல்லை. நெத்திலி இல்லை. வள்ளங்கள் ஐஸோடு போய் ஐஸோடு திரும்பின. தூண்டில்காரர்கள் மட்டும் கரைக்கு நேரே கடலுக்கடியில் கிடக்கும் பாறைக்கூட்டத்தில் ஏதோ பிடித்துக் கஞ்சி குடித்தார்கள். அந்தப் பாறைக்கூட்டத்துக்குப் 'பார்' என்று பெயர்.

சூசைத்துறையில் இப்போது மணல் கிடையாது. கடல் எடுத்துவிட்டது. மணலோடு இரண்டு வரிசை வீடுகளையும் எடுத்தது. அதன் பிறகு அரசாங்கம் லாரியில் கருங்கல் கொண்டுவந்து கொட்டியது. கல்மேல் ஏறி நின்றால்தான் கடல் தெரியும்.

ஜெஸ்லின் ஏறி நின்றாள்.

தண்ணீர் பச்சையாக, கெட்டியாக இருந்தது. அதில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கலவா, கிளாத்தி, விலாங்கு. பாரை விட்டு வெளியே வராத மீன்கள். அலை அவற்றைத் தூக்கிக் கல்லில் அடித்தது. பின்னால் இழுத்தது. மறுபடியும் அடித்தது.

நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அவள் இருமினாள். கண் எரிந்தது. பிறகு கத்தினாள்.

ஆட்கள் வந்தார்கள். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கல்மேல் வரிசையாக நின்றார்கள்.

"தோட்டா," என்றான் ஒருவன்.

வெடிமருந்துத் தோட்டாவைப் பற்றவைத்துப் பாரின் மேல் போட்டால் கடலுக்கடியில் வெடிக்கும். மீன்கள் மொத்தமாக மேலே வரும். அதோடு அந்தப் பார் செத்துவிடும். பல வருஷத்துக்கு அங்கே ஒன்றும் வளராது. சூசைத்துறையில் இதற்கு முன் ஒரே ஒரு தோட்டா வெடித்திருக்கிறது. அது கடலில் விழவில்லை. கட்டுமரத்திலேயே வெடித்தது. அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் செத்தான். மற்றவனுக்கு இடது கை மணிக்கட்டோடு போனது.

செத்தவன் சுவாமிதாஸின் தம்பி. கை போனவன் ஜெஸ்லினின் கணவன் யோசுவா.

தம்பியைக் குழியில் இறக்கும்போது சுவாமிதாஸ் எல்லோர் காதிலும் விழச் சொன்னான்: "அவனுக்க மத்தக் கை எனக்குள்ளது." யோசுவா கோயிலில் பீடத்துக்கு முன் முழங்காலிட்டு, இனித் தோட்டாவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். அதன் பிறகு தூண்டில்தான். கயிற்றை மொண்டிக் கையில் சுற்றி, வலது கையால் இழுப்பான். அந்த ஒரு கைதான் வீட்டுக்குச் சோறு.

சுவாமிதாஸ் கல்லிலிருந்து இறங்கி, ஏற்றி வைத்திருந்த கட்டுமரங்களுக்கு இடையே நடந்தான். ஒவ்வொன்றின் கயிற்றையும் தொட்டுப் பார்த்தான். முந்தின நாள் மாதா திருநாள். அன்றைக்கு அந்தக் கரையில் யாரும் கடலில் இறங்குவதில்லை. ஊர் முழுக்கச் சப்பரத்தின் பின்னால் நடந்தது. எல்லாக் கயிறும் காய்ந்திருந்தன. ஒன்று மட்டும் நனைந்திருந்தது.

"யாருக்க மரம் இது?"

"கேக்கணுமா வோய்? ஒத்தக்கையனுக்க மரம்."

"நேத்து நாம மாதாவத் தூக்கிட்டு நடந்தோம்," என்றான் சுவாமிதாஸ். "அவன் தோட்டாவத் தூக்கிட்டுப் போயிருக்கான்."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறியது. ஒருவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"ஜெஸ்லினே, ஒனக்க மாப்பிள எங்க?"

"உறங்குகாரு."

"உறங்கட்டு. நல்லா உறங்கட்டு. இனி எழும்பாண்டாம்."

சருவத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் பின்னால் ஓடி வருவார்கள்.

யோசுவா உறங்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். மகள் ஷிஜா பாயில் சுருண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"நேத்து கடலுக்குப் போனீரா?"

"போனேன்."

"தோட்டாவா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீயுமா கேக்க?"

"அவிய கேக்கதுக்கு முந்தி நான் கேக்கணும்."

"இல்ல. தூண்டில்தான் எடுத்தேன். இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்கதுக்கு."

"பொறவு?"

"தண்ணியில கைய வச்சேன். அடுப்பிலேர்ந்து எறக்கின கஞ்சித்தண்ணி மாதிரி இருந்து. கைய எடுத்துட்டேன். அப்ப மீனு மேல வந்து. உயிரோட. வாயத் தொறந்துகிட்டு. பாருக்கடியில கெடக்க கலவா மேல வந்து நீ பாத்திருக்கியா? மரத்தச் சுத்தி நின்னு என்னையே பாத்துது. ஒண்ணக்கூட எடுக்கல்ல. மரத்தத் தொளைஞ்சுகிட்டுக் கரைக்கு வந்துட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"என்ன சொல்ல? மாதா நாளில எறங்கினேன். மாதா காட்டிட்டா. இது நான் எறங்கினதுக்காக்கும்."

"மாதாவுக்கு வேற வேல இல்லியா? ஓணத்துக்கு முந்தியே கடல் வெந்துகிட்டுதானே கெடக்கு?"

அவள் கொடியில் கிடந்த சட்டையை இழுத்து அவன்மேல் போட்டாள்.

"மலப்பக்கம் விதுராவுக்கு பஸ் பிடிச்சுப் போயிரும். ராகேல் அக்கா வீட்டில கெடயும். நான் பொறவு வாறேன்."

"ஓடினா தோட்டா போட்டவன் ஆயிருவேன்."

"ஓடல்லன்னா இருக்கிற கையும் போவும். அவன் குழிமேட்டில நின்னு சொன்னது மறந்துபோச்சா?"

யோசுவா வலது கையை மடியில் வைத்துப் பார்த்தான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டான். பொத்தான் போட அவள் உதவ வேண்டியிருந்தது.

"சாமியார்கிட்ட சொல்லணும்."

"சாமியார் காலையிலயே பிஷப்பப் பாக்க மெத்ராசன வீட்டுக்குப் போயிட்டாரு."

"அப்ப சிலுவடிமைகிட்ட சொல்லுகேன்."

"கடலுக்குப் போனேன்னு சொல்லாதேயும். என்ன ஆனாலும் அதைச் சொல்லாதேயும்."

"அதத்தான் சொல்லணும்."

அவன் வெளியே இறங்கினான். அவள் ஷிஜாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். மீன் வெட்டும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

கல்மேல் ஊர் நின்றது. நடுவில் சிலுவடிமை. அவர்தான் ஊர்த்தலைவர். துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். யோசுவா அவர் முன்னால் முழங்காலிட்டான்.

"தோட்டா போடல்ல. கடலுக்குப் போனேன். அது தப்பு. அதுக்கு என் மரத்த எரிச்சுரும். ஊர் என்ன சொன்னாலும் கேக்கேன்."

"கேட்டேளா?" என்றான் சுவாமிதாஸ். "போனேங்கான். பாதி வெளிய வந்தாச்சு. மீதிய நாம இழுத்து எடுக்கணும்."

"எடுத்திரு," என்றது ஒரு குரல்.

சிலுவடிமை கையை உயர்த்தினார். "மீன வெட்டிப் பாப்போம். பொறவு பேசுவோம்."

அது அந்தக் கரையின் பழைய வழக்கம். தோட்டாவில் செத்த மீனின் நடுமுள் முறிந்திருக்கும். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும். வேறு எப்படிச் செத்தாலும் முள் முழுசாக இருக்கும். வேறு கரைகளில் வீண்பழி சுமந்தவர்கள் இந்தச் சோதனையில் தப்பியிருக்கிறார்கள். ஜெஸ்லினுக்கு மூச்சு வந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே கத்தியை எடுத்து நீட்டினாள்.

சுவாமிதாஸ் கத்தியை வாங்கினான். கல் இடுக்கில் கிடந்த ஒரு கலவாவை எடுத்து, முதுகோடு பிளந்து விரித்தான்.

நடுமுள் இரண்டாக முறிந்திருந்தது. சுற்றிலும் சதை கறுத்திருந்தது.

யாரோ மூச்சை இழுத்தார்கள். அவன் இன்னொன்றை எடுத்தான். அதுவும் முறிந்திருந்தது. அடுத்ததில் முள் நேராக இருந்தது. அதைக் காலால் தள்ளினான். அதற்கடுத்தது முறிந்திருந்தது.

"போதுமா?" என்றான். "இன்னும் வேணுமா ஓய்?"

யோசுவா குனிந்து முறிந்த முள்ளைப் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை. "நான் போடல்ல," என்றான். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

ஜெஸ்லின் மீனைப் பார்க்கவில்லை. சுவாமிதாஸ் மீன் எடுத்த இடத்தைப் பார்த்தாள். அலை வந்தது. ஒரு கலவாவைத் தூக்கிக் கருங்கல்லில் அறைந்தது. சத்தம் கேட்டது.

அந்தச் சோதனை, மணல் இருந்த காலத்துச் சோதனை. மணலில் ஒதுங்கும் மீனுக்கு முள் முறியாது.

"கல்லிலேர்ந்து எடுக்காதேயும்!" என்று கத்தினாள். "உயிர் போவதுக்கு முந்திக் கல்லில அடிச்சு முறிஞ்சதாக்கும்! தண்ணியில மெதக்கிறத எடுத்து வெட்டும்!"

"இவ கண்டுபிடிச்சுட்டா."

"மாப்பிளைக்கு வேண்டி மீனுக்குப் புது முள்ளு வச்சுக் குடுப்பா."

"சிலுவடிமை மாமா, நீரு சொல்லும். தண்ணியில உள்ளத ஒண்ணு வெட்டச் சொல்லும்."

சிலுவடிமை கடலைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் துடுப்பு ஒன்று யோசுவாவின் முதுகில் இறங்கியது. அவன் முன்னால் விழுந்தான். இன்னொருவன் விலாவில் உதைத்தான். அதன் பிறகு யார் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஓணத்துக்கு முன்பிருந்தே கடலிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஊர் அது. அடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

அவள் கூட்டத்துக்குள் புகப் பார்த்தாள். ஒரு முழங்கை அவள் வாயைக் கிழித்தது. திரும்பிக் கல்லில் இறங்கினாள். இறங்கவில்லை, சறுக்கினாள். முழங்காலிலிருந்து கீழே தோல் உரிந்தது. தண்ணீர் மார்பு வரை வந்தது. சூடாக இருந்தது. மேலே வழுவழுப்பு. கண்ணைத் திறக்க முடியவில்லை. கையால் துழாவினாள். அலை அவளையும் கல்லில் அடித்தது. கல்லை எட்டாமல் மிதந்த கலவா ஒன்றும் விலாங்கு ஒன்றும் கைக்குக் கிடைத்தன. கைலி மடியில் போட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பாதி ஏறும்போது யோசுவாவின் குரல் கேட்டது. சொல் இல்லை. குரல் மட்டும்.

அவனைக் குப்புறப் போட்டிருந்தார்கள். முதுகில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வலது கையை நீட்டி ஒரு கல்மேல் வைத்து இன்னொருவன் பிடித்திருந்தான். சுவாமிதாஸ் இரண்டு கையாலும் ஒரு கருங்கல்லைத் தூக்கி நின்றான். கல்லின் அடியில் ரத்தம் இருந்தது. ஒரு தடவை ஆகிவிட்டது.

கத்தி பிளந்த மீன்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் எடுத்தாள். சிலுவடிமையின் காலடியில் கலவாவைப் போட்டுப் பிளந்தாள். முள் வெள்ளையாக, நேராக, தலையிலிருந்து வால் வரை இருந்தது. விலாங்கைப் பிளந்தாள். அதுவும் அப்படியே.

"பாரும். பாரும் மாமா."

அவர் பார்த்தார். அவர் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"சுவாமிதாசே," என்றார். மெதுவாகத்தான் வந்தது. இருமல் வந்து மிச்சத்தைத் தடுத்தது.

கல் இறங்கியது. விரல்கள் இருந்த இடத்தில் சத்தம் கேட்டது. யோசுவா கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது.

சுவாமிதாஸ் மறுபடியும் தூக்கினான். கல் தலைக்கு மேலே போனபோது அவன் கைகளின் உட்புறம் வெயிலில் தெரிந்தது. ஜெஸ்லின் கத்தியை மணிக்கட்டில் இறக்கி முழங்கை வரை இழுத்தாள். மீனைப் பிளப்பது போலத்தான். வேறு விதமாக வெட்ட அவளுக்குத் தெரியாது.

கல் பின்னால் விழுந்தது. ரத்தம் அவள் முகத்தில் அடித்தது. சுவாமிதாஸ் தன் கையை ஆச்சரியத்தோடு பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

யாரோ துடுப்பால் அவள் தோளில் அடித்தார்கள். அவள் விழவில்லை. திரும்பினாள்.

"அடுத்தது ஆருலே? வாங்க."

யாரும் வரவில்லை. முதுகில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். கையைப் பிடித்திருந்தவனும் விட்டான்.

அப்போதுதான் வீடுகளின் பக்கமிருந்து பெண்களின் அலறல் கேட்டது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். சிலர் மயங்கி விழுந்திருந்தார்கள். காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கூட்டம் கலைந்து வீடுகளுக்கு ஓடியது. தெற்கேயிருந்து சைக்கிளில் வந்த ஒரு வலைக்காரன் சாலையிலேயே நின்று கூவினான்.

"இங்கயும் உண்டா? தெக்க ஆறு விழுக பொழி வரைக்கும் இதே கததான். வடக்க விழிஞ்ஞம் தாண்டியும் மீனு செத்துக் கெடக்காம்."

"பார் இல்லாத கரையிலயுமா?" என்று கேட்டார் சிலுவடிமை.

"எல்லாக் கரையிலயும்."

சிலுவடிமை துண்டை மூக்கிலிருந்து அவிழ்த்தார். அதைக் கொண்டு சுவாமிதாஸின் கையைக் கட்டினார். துண்டு உடனே சிவந்தது. யோசுவாவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

ஐஸ் ஏற்றும் டெம்போவில் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். ஷிஜாவை ஜெஸ்லின் மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் யோசுவா. இன்னொரு பக்கம், வேறு வண்டி இல்லாததால், சுவாமிதாஸ். அவன் மகள் அவன் காலில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். டெம்போ குழியில் விழுந்து எழும்போதெல்லாம் இரண்டு ஆண்களும் ஒன்றுபோல முனகினார்கள்.

பாலராமபுரம் தாண்டியபோது சுவாமிதாஸ் கேட்டான். முகம் வெளுத்திருந்தது.

"தோட்டா இல்லன்னா பின்ன என்னவாக்கும்?"

"நானாக்கும்," என்றான் யோசுவா. "மாதா நாளில நான் எறங்கினதாக்கும், சுவாமிதாசே. நீ செய்தது சரிதான்."

ஜெஸ்லின் அவன் வாயில் அறைந்தாள். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

"இனி ஒருக்கா அதைச் சொன்னீருன்னா நானே கல்லெடுப்பேன்."

சுவாமிதாஸ் சிரிக்கப் பார்த்தான். "அடி மைனி. நல்லா அடி. எனக்கும் சேத்து ஒண்ணு குடு."

"ஒனக்குக் குடுத்தாச்சு."

"அது சரி," என்றான் அவன். கண்ணை மூடிக்கொண்டான்.

மெடிக்கல் காலேஜில் வராந்தா முழுக்கக் கடற்கரைப் பிள்ளைகள். கரை கரையாக வந்திருந்தார்கள். தரையில் பாய். பாய்க்குப் பக்கத்தில் வாளி. ஷிஜாவின் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் இரண்டு ஆண்களையும் பார்த்து மலையாளத்தில் கேட்டார், இது எப்படி ஆனது என்று.

"கத்தி வழுதிப் போயி சாரே," என்றான் சுவாமிதாஸ்.

"இயாளுக்கோ?" என்று யோசுவாவைக் காட்டினார்.

"கல்லு வீணு." கல் விழுந்ததாம்.

யோசுவா வாயைத் திறந்தான். ஜெஸ்லின் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

இளவயது டாக்டர் ஒருத்தி வந்தாள். முதலில் யோசுவாவின் கையை விரித்துப் பார்த்தாள். இரண்டு விரலைக் காப்பாற்ற முடியாது என்றாள். மற்றவற்றுக்கு ரத்தம் போகும் குழாய் நசுங்கியிருக்கிறது, உடனே திறந்து சரி செய்தால் கட்டைவிரலும் இன்னும் இரண்டும் நிற்கும் என்றாள். ஜெஸ்லின் தலையாட்டினாள். கட்டைவிரலும் இரண்டும் போதும். கயிறு பிடிக்கலாம்.

பிறகு டாக்டர் சுவாமிதாஸின் துண்டை அவிழ்த்தாள். ரத்தம் பீறிட்டது. அவள் குரல் மாறியது. ஓடிவந்த நர்ஸிடம் சுவாமிதாஸைக் காட்டிச் சத்தமாகச் சொன்னாள்.

"இயாள் ஆத்யம். இப்போ."

"எனக்க மாப்பிள?" என்றாள் ஜெஸ்லின். "அவருக்கு உடனே செய்யணும்னு சொன்னீங்களே டாக்டர்."

"அவர் சாகமாட்டார். இவர் செத்துப்போவார்." டாக்டர் இதைத் தமிழிலேயே சொன்னாள். "ஆபரேஷன் தியேட்டர் ஒண்ணுதான் காலியா இருக்கு. அவர் கையைத் தூக்கிப் பிடிங்க. நெஞ்சுக்கு மேல. இறக்கக் கூடாது."

சுவாமிதாஸை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ஜெஸ்லின் பெஞ்சில் உட்கார்ந்து யோசுவாவின் கையைத் தன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். துடுப்படி பட்ட தோள் வலித்தது. சுவரில் டெலிவிஷன் ஓடியது. கடல்நீரின் வெப்பம் சில வாரங்களாக ஏறியிருந்ததாகவும், அதில் ஒரு பாசி பெருகியதாகவும், மீன்கள் மூச்சுமுட்டிச் செத்ததாகவும், அந்த நாற்றக் காற்றில் பிள்ளைகள் மயங்கியதாகவும் ஒரு பெண் மலையாளத்தில் வாசித்தாள். கரையில் இருப்பவர்கள் கடலில் இறங்க வேண்டாம் என்றாள். வராந்தாவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"கேட்டீரா?" என்றாள் ஜெஸ்லின். "நீரு இல்ல."

யோசுவா கேட்டமாதிரி இல்லை. தண்ணீர் கேட்டான். கொடுக்கக் கூடாது என்றார்கள்.

விரல்கள் முதலில் சிவப்பாக இருந்தன. பிறகு நீலம். ஒரு நர்ஸ் நின்று கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். அழுத்திய இடம் வெளுத்தது. விட்டபோது நிறம் திரும்பவில்லை.

"எத்தன நேரம் தாங்கும் சிஸ்டர்?"

"டாக்டர் வரட்டே."

"அவனுக்கு எப்ப முடியும்?"

"நல்ல ஆழத்தில வெட்டு. சமயம் எடுக்கும்."

நர்ஸ் போனாள். ஜெஸ்லின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் வெட்டியதைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு ஆழமாக வெட்டியிருக்க வேண்டாம். கத்தி நல்ல கூர்.

யோசுவாவின் கையை அவள் இறக்கவில்லை.